பதினான்காம் படத்தில் இருந்த கைப்பிடி

“வாகனம் இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில், உள்ளது உள்ளபடியே ஒப்படைக்கப்படும்.” எனக்கு வந்த விடுவிப்புக் கடிதத்தின் நான்காம் பத்தி இது. கடிதம் கிடைத்தது வைகாசி எட்டு, வியாழக்கிழமை, மாலை நான்கு இருபதுக்கு. அந்த வரியின் ஓரத்தில் அன்றே பென்சிலால் ஒரு கேள்வி எழுதி வைத்தேன்: எந்த நாளின் நிலை? அதை ஏலம் விட்டவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பெட்டியைக் கட்டினேன்.

விபத்தில் நொறுங்கிய வண்டிகளுக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்து முடித்த பிறகு, அந்த வண்டிகளை இணையத்தில் ஏலம் விடுகிறார்கள். படங்களைப் பார்த்து வீட்டில் உட்கார்ந்தபடியே கேட்கலாம். நான் எடுத்தது ஒரு வெள்ளை நிறச் சிறிய கார். பின்பக்கம் அப்பளம் போல் நசுங்கியிருந்தது. நான் அதை ஓட்டுவதற்காக எடுக்கவில்லை. மொத்தம் இருபத்திரண்டு படங்கள். பதினான்காவது படத்தில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு இரும்புக் கைப்பிடி தெரிந்தது. விளக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

என் மனைவி மங்கைக்கு இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் இரண்டும் செயல்படாது. கையாலேயே பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் இயக்கிப் பதினோரு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறாள். மயிலாடுதுறையிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எங்கள் காரும் அதே மாடல்தான். அதன் கைப்பிடி, பெடலோடு சேரும் இடத்தில் சித்திரையில் விரிசல் விட்டது. இரண்டு முறை பற்றவைத்தும் நிற்கவில்லை. செய்து கொடுத்தவர் தொழிலை விட்டுப் போய்விட்டார். புதிதாகச் செய்யும் நிறுவனம் மூன்று மாதம் ஆகும் என்றது. உள்ளூர்ப் பட்டறைகளில் பிரேக் என்ற சொல்லைக் கேட்டதும் கையை விரித்தார்கள்.

சித்திரைக் கடைசியில் தேர்வுப் பணிக்கு நான்கு நாள் ஆட்டோவில் போனாள். காரில் சக்கர நாற்காலியிலிருந்து அவளே மாறிக்கொள்வாள், ஆட்டோவில் ஏறவும் இறங்கவும் ஒவ்வொரு முறையும் யாராவது அவளைத் தூக்க வேண்டும். நான்காம் நாள் மாலை வீட்டுக்கு வந்து, “இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வண்டி சரியாகலேன்னா விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துடறேன்” என்றாள். சொன்னதைச் செய்கிறவள். பள்ளி திறப்பது வைகாசி பத்தொன்பது, திங்கட்கிழமை. நான் கிளம்பியது பதினான்கு, புதன்கிழமை விடியுமுன்.

சேலம் சூரமங்கலத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தேன். ரயில் அறிவிப்புகள் எல்லாம் தலையணைக்குள் கேட்டன. எங்கள் ஊர்க் காபியைப் பற்றி நான் பெருமை பேசுகிறவன் இல்லை. சூரமங்கலத்தில் மூன்று கடைகளில் குடித்த பிறகு, பேசியிருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் தெருவோரத்தில் தட்டுவடைகளுக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டும் காரட்டும் இரண்டு வகைச் சட்னியும் வைத்து செட் என்று கொடுக்கிறார்களே, அதற்கு ஈடாக எங்கள் பக்கத்தில் எதுவும் இல்லை. நின்றுகொண்டே மூன்று செட் சாப்பிட்டேன். அந்த நாளில் ஒழுங்காக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

ஏல அறிவிப்பில் வண்டி இருக்கும் இடம் சேலம் என்று இருந்தது. தொலைபேசியில் கேட்டால் ஓமலூர் என்றார்கள். ஓமலூரில் இறங்கிக் கேட்டால், அந்த யார்டைத் தாண்டி வந்துவிட்டேன் என்றார்கள். வெயிலில் திரும்பி நடந்தேன். எங்கள் ஊர் வெயிலில் ஈரம் இருக்கும், வியர்த்துக் கொட்டும். இங்கே வியர்வை வெளியே வருவதற்குள் காய்ந்துவிடுகிறது.

யார்டு என்பது முள்கம்பி போட்ட பொட்டல். வரிசையாக உடைந்த கார்கள், கண்ணாடிகளில் பெயின்ட்டால் எழுதிய எண்கள். உணவு இடைவேளை ஒன்று முதல் இரண்டு வரை என்று பலகை சொன்னது. மேனேஜர் செந்தில் மூன்று ஐந்துக்கு வந்தார். மரியாதையான மனிதர், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ‘ங்க’ போட்டார். ஆனால் எந்த வாக்கியமும் எனக்கு உதவவில்லை. என் கடிதத்தில் இன்ஜின் எண்ணின் கடைசி இலக்கம் எட்டு. அவருடைய கணினியில் மூன்று. யாரோ பார்த்துப் பார்த்துத் தட்டியபோது செய்த தவறு. திருத்திய கடிதம் வர ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. அதன் பிறகே கார் இருக்கும் வரிசைக்கு அழைத்துப் போனார்.

கதவைத் திறந்தேன். கைப்பிடி இல்லை. அது இருந்த இடத்தில் இரண்டு போல்ட் ஓட்டைகள் மட்டும், விளிம்பில் இரும்பு புதிதாகப் பளபளத்தபடி.

பதினான்காம் படத்தைக் காட்டினேன். செந்தில் அதை விரல்களால் பெரிதாக்கி, சிறிதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார். “படம் எடுத்தது ஓனர் ஊட்டுலீங்க. அப்ப இருந்திருக்குது. வண்டி எங்ககிட்ட வந்தப்ப இல்லீங்க” என்றார். அப்படியானால் ‘உள்ளது உள்ளபடியே’ என்பது எந்த நாளைக் குறிக்கிறது என்று கேட்டேன். அவர் நிஜமாகவே யோசித்தார். தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டால் ஏழு வேலை நாட்களில் பதில் வரும் என்றார். ஏழு வேலை நாள் என்றால் வைகாசி இருபத்து மூன்று. எனக்கு இருந்தது ஐந்து நாள்.

வண்டிப் புத்தகத்தின் நகலில் பழைய உரிமையாளரின் பெயரும் முகவரியும் இருந்தன. தங்கவேல், திருச்செங்கோடு. அன்று மாலை மங்கையிடம் தொலைபேசியில், சின்னத் தாமதம் என்று மட்டும் சொன்னேன். அவள் ஏதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

வியாழக்கிழமை காலை ஒன்பது ஐம்பதுக்குத் திருச்செங்கோட்டில் இறங்கினேன். தலைக்கு மேலே மலை, அதன் மேல் கோயில். ஏறிப் பார்க்க ஆசைதான். அடுத்த முறை என்று எழுதிக்கொண்டேன். சாலையின் இரண்டு பக்கமும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகள், இரும்புக் கோபுரத்தைப் படுக்க வைத்துக்கொண்டு வரிசையாக நின்றன. கையில் ஃபைலோடு வந்த வெளியூர்க்காரனைப் பார்த்ததும் இந்த ஊருக்கு வரும் எண்ணம் ஒன்றே ஒன்றுதான். நான் முகவரி கேட்ட முதல் டீக்கடையில் ஒருவர், “எத்தனை அடிங்க போடோணும்?” என்றார். இரண்டாவது கடையில், தண்ணீர் பாயிண்ட் பார்த்தாகிவிட்டதா என்றார்கள். மூன்றாவது கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தே விசாரித்தார்கள். எங்கள் ஊரில் கைப்பம்புக்கு இருபது அடியில் தண்ணீர் வரும், ரிக் வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் என்னை நம்பவில்லை. தங்கவேல் வீட்டுக்கு வழி சொல்வதைக்கூட யோசித்துத்தான் சொன்னார்கள்.

தங்கவேலுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ரிக் ஆபரேட்டராக இருந்தவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் வேலையிடத்தில் துளையிடும் இரும்பு ராடு விழுந்து முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. இப்போது வீட்டை ஒட்டியே ரிக் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய சக்கர நாற்காலி அவரே செய்தது, கம்ப்ரஸர் சக்கரங்களோடு. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் மறுக்கவே இல்லை.

“ஆமாங்க, நாந்தானுங்க கழட்டுனேன். வண்டி இன்சூரன்ஸ்காரங்களுது. கைப்பிடி என்ரது. நானே அடிச்சது.”

படம் எடுத்த அன்று அது வண்டியில் இருந்தது, அந்தப் படத்தை நம்பித்தான் நான் ஏலம் கேட்டேன் என்றேன். படங்களைக் காட்டச் சொல்லி வாங்கி, ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்பதாவது படத்தில் நின்றார்.

“இதுல ஓரமா நானுந்தான் உக்காந்திருக்கறேன். அப்ப என்னையும் தூக்கிட்டுப் போவீங்களா?”

பார்த்தேன். காரின் முன்பக்கக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்ரஸர் சக்கரமும் ஒரு முழங்கையும் தெரிந்தன. இருபத்திரண்டு படங்களையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவன் நான், அதைக் கவனிக்கவில்லை.

பட்டறைக்குள் அவருடைய புதிய கார் நின்றது. அதில் என் கைப்பிடி. அதாவது அவருடைய கைப்பிடி. அதைக் கழற்றிக் கொடுங்கள் என்று அவரிடம் கேட்க முடியாது. அதில்தான் அவர் வேலையிடங்களுக்குப் போய் வருகிறார். அப்படியும் நான்காம் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டினேன் என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். பாதியிலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர் மனைவி சிவகாமி உள்ளிருந்து வந்து, “வந்தவரு வெயில்ல நிக்கறாரு, நீங்க படம் பாத்துட்டு உக்காந்திருக்கறீங்க” என்று அவரைக் கடிந்துகொண்டு, என்னை உள்ளே அழைத்து அரிசிம்பருப்பு சாதம் போட்டார். எங்கள் வீட்டில் சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாகப் போகும் வேலையை இந்த ஊரில் ஒரே பாத்திரத்தில் முடித்துவிடுகிறார்கள். சுடச்சுட நெய் விட்டு இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். கோபமாக இருந்தவன் சாப்பிட வேண்டிய அளவு இல்லை அது.

கை கழுவி வந்ததும் தங்கவேல் கேட்டார்: “கைப்பிடி யாருக்குங்க?”

சொன்னேன். பள்ளி திறக்கும் தேதியையும், தூக்குவதைப் பற்றி அவள் சொன்னதையும் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். பிறகு, “எந்தக் கையிங்க பலம்? தோள்பட்டைக்கும் ஸ்டியரிங்குக்கும் எவ்வளவு தூரம்?” என்றார். ஒரு மாதமாக எத்தனையோ பேரிடம் போயிருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. புதிதாக ஒன்று செய்து தருவதாகச் சொன்னார். ஆனால் அளவெடுக்கவும் பூட்டிப் பார்க்கவும் அதே மாடல் கார் வேண்டும்.

“ஓமலூர்ல கெடக்குதில்ல, அந்தப் பழைய வண்டி. அத இங்கியே கொண்டாந்துருங்க. வேலை முடிஞ்சா எங்கிட்டியே உட்டுப்போடுங்க, பட்டறைக்கு ஆகும். வேற ஒண்ணும் வேண்டாங்க.”

ஆக, அவர் கைவிட்ட வண்டியை அவரிடமே கொண்டுவந்து சேர்ப்பது என் வேலையாயிற்று.

வெள்ளிக்கிழமை முழுவதும் அதற்கே போனது. யார்டின் வெளியேற்றச் சீட்டுக்கு மூன்று கையெழுத்து. இரண்டாம் கையெழுத்துக்காரர் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தார். உடைந்த காரை ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டி பகல் பன்னிரண்டரைக்கு வந்தது. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பாதி வழியில் நிறுத்தி மாம்பழம் வாங்கினார். பேரம் இருபது நிமிடம். கொஞ்ச தூரம் போனதும் டயர் பஞ்சர். ஸ்டெப்னியும் பஞ்சர் என்பது கழற்றிய பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. சாலையோரம் இரண்டு மணி நேரம், ஒரு வேப்பமரத்தின் அடியில், அவருடைய மாம்பழங்களை நாங்கள் இருவரும் சாப்பிட்டோம். பழத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

தங்கவேல் வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பும்போது டிரைவர் என்னைப் பார்த்தார். “ஏனுங்க சார், போன மாசம் இந்த ஊட்டுல இருந்துதானுங்க நானே இத ஏத்திட்டுப் போனேன்” என்றார். தெரியும் என்றேன். வேறு எதுவும் கேட்காமல் இறக்கிவிட்டுப் போனார். வேறு யாரிடம் சொல்லிச் சிரித்தாரோ தெரியாது.

தங்கவேல் அன்று மாலையே அளவெடுத்துவிட்டார். சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கைப்பிடி தயார். ரிக் லாரிக்கு அடிக்கும் மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார். எங்கள் பழைய கைப்பிடியைப் போல் இரண்டு மடங்கு கனம். இணைப்புக்கு இணைப்பு போல்ட், அதன் மேல் ஒரு பூட்டுப் பின். விரிசல் விட இதில் இடமே இல்லை. பழைய காரில் பூட்டி, என்னை உட்கார வைத்து இயக்கச் சொன்னார். நான் என் நோட்டுப் புத்தகத்தில் நாற்பத்தொரு குறிப்புகள் எழுதி வைத்திருந்தேன்: நீளம், கம்பியின் விட்டம், ஓட்டைகளுக்கு இடையில் உள்ள தூரம், போல்ட்டின் அளவு. ஒவ்வொன்றாகச் சரிபார்த்து டிக் போட்டேன். நாற்பத்தொன்றும் சரி. மங்கையை அழைத்து, முடிந்தது என்றேன்.

“தள்ளினா நிக்குமா, இழுத்தா நிக்குமா?” என்றாள்.

நாற்பத்தொரு குறிப்புகளில் அது இல்லை. தங்கவேலைப் பார்த்தேன். அவர் இதில் என்ன சந்தேகம் என்பது போல, “இழுத்தாத்தானுங்க நிக்கும்” என்றார்.

எங்கள் காரில் தள்ளினால் பிரேக், இழுத்தால் வேகம். இதில் நேர் எதிர். அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. புதன்கிழமை யார்டில் அந்தப் பழைய கைப்பிடி இருந்திருந்தால் நான் அதைக் கழற்றி, மூட்டை கட்டி, அன்றே சந்தோஷமாக ஊருக்குக் கொண்டு போயிருப்பேன். எந்தப் பக்கம் இயங்கும் என்பது படத்தில் தெரியாது. போனை அவரிடமே கொடுத்துவிட்டேன், ஸ்பீக்கரில் போட்டு.

“டீச்சரம்மா, ரிக்குல லீவர இழுத்தா ராடு நிக்கும், தள்ளுனா எறங்கும். என் கைக்கு அதுதான் தெரியும். பயந்தா மனுசன் கை தன்னால இழுக்குங்க. அதுதான் பந்தோபஸ்து.”

“பயந்தா நான் தள்ளுவேன். பதினோரு வருஷமா தள்ளிட்டுத்தான் இருக்கேன்.”

“பழக்கம்ங்க அது. நாலு நாள் ஓட்டுனா இதுவும் பழகிரும்.”

“திங்கக்கிழமைக்கு நாலு நாள் இல்ல, அண்ணா. சரி, இது சொல்லுங்க. வண்டி எங்கயாவது முட்டுச்சுன்னா உடம்பு முன்னாடி போவும். கையும் கூடவே போவும். உங்க கைப்பிடியில அப்ப என்ன ஆவும்?”

தங்கவேல் திரும்பித் தன் புதிய காரைப் பார்த்தார். நான் அங்கே இருப்பதை இருவரும் மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

“வேகம் எடுக்குங்க” என்றார் கடைசியில்.

அதற்காக அவர் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல முடியாது. நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்க் கைப்பிடியைக் கழற்றினார். கழற்றும்போதும், வெட்டும்போதும், கைப்பிடி சுழலும் அச்சு முளையை மேலிருந்து கீழே மாற்றிப் பற்றவைக்கும்போதும், பயந்தால் கை இழுக்கத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு முறை மின்சாரம் போனது. சிவகாமி மூன்று முறை டீ கொண்டுவந்தார். மூன்றாம் முறை, தோற்றவர் எல்லோரும் இப்படித்தான் முணுமுணுப்பார்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு, அவருக்குக் கேட்கும்படியே சிரித்தார். மாலை ஆறு நாற்பதுக்குத் தள்ளினால் நிற்கும் கைப்பிடி தயாரானது. கூலி என்ற பேச்சை எடுத்தேன். வண்டி உட்டுட்டுப் போறீங்கல்ல, போதும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அதைச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் ஏறினேன். சாக்கின் வாயில் மஞ்சள் பெயின்ட் தெரிந்தது. நடத்துநர் அதைக் காலால் தட்டிப் பார்த்து, “என்னங்க சாமி, ரிக்கக் கழட்டிட்டுப் போறீங்களா?” என்றார். கார் பிரேக் என்றேன். ஒரு பிரேக்கா இவ்வளவு கனம் என்று வியந்து லக்கேஜ் சீட்டு கிழித்துக் கொடுத்தார். மூன்று பேருந்து மாறினேன். மூன்றிலும் இதே உரையாடல்.

ஊரில், இதைச் செய்ய மறுத்தவர்களில் ஒரு மெக்கானிக் பூட்டிக் கொடுக்கச் சம்மதித்தார். கையால் ஓட்டும் வண்டி என்பது எங்கள் வண்டிப் புத்தகத்தில் ஏற்கெனவே பதிவாகியிருப்பதால் புதிதாகப் பதிவு செய்யும் தொல்லை இல்லை. மாலை வெளிச்சம் போவதற்குள் மங்கை தெருவில் இருபது முறை ஓட்டி நிறுத்திப் பார்த்தாள். இரண்டு முறை மெக்கானிக்கையே காருக்கு முன்னால் நடந்து போகச் சொன்னாள். இரண்டாம் முறை அவர் சுவரை ஒட்டி நடந்தார்.

திங்கட்கிழமை காலை எட்டு ஐந்துக்குக் கிளம்பினாள். யாரும் தூக்கவில்லை. நான் வாசலிலேயே நின்றேன். பிறகு உள்ளே போய் இந்தக் கட்டுரையின் முதல் பத்தியை எழுதினேன், அதையும் அடித்தேன். மாலை ஐந்து பத்துக்குத் திரும்பி வந்தாள். சாப்பிடும்போதுதான் சொன்னாள்: காலையில் பாலத்துக்கு முன்னால் வளைவில் கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே பாய்ந்திருக்கிறது. பின்னால் பேருந்து. வண்டி நின்றுவிட்டது. கன்றுக்குட்டி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

நான் நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அந்த நொடியில் அவளுடைய கை முதலில் தள்ளியதா, இழுத்ததா என்று கேட்டேன். “நின்னுடுச்சு. அத எழுதிக்கோங்க” என்றாள். இரவு ஏழரைக்குத் தங்கவேல் அழைத்தார். அவரும் அதையேதான் கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் மங்கை சிரித்தாள். போனை எடுத்துக்கொண்டு சக்கர நாற்காலியைக் கொல்லைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். அரைமணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை.

கார் நின்றது என்பது உறுதி. பிரேக் பிடித்த தடம் சாலையில் இருந்ததை மறுநாள் நானே போய்ப் பார்த்தேன். கை முதலில் எந்தப் பக்கம் போனது என்பது, இதை எழுதும் வைகாசி இருபத்தாறு வரை சரிபார்க்கப்படவில்லை.